பொடக்காளி மீன்குளமும் ஹீட்டர் அத்தியாயமும்

வீட்டுத் தோட்டத்தில் மீன்குளம் கட்டுவது பற்றிய ஆங்கிலக் கையேடுகளையும், அவற்றை ஒட்டி எடுக்கப்படும் தமிழ் வீடியோக்களையும் கொஞ்ச நாளாக வரிசையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் அமைப்பு ஒன்றுதான். முதலில் குழி, அடுத்து ஷீட், அடுத்து பம்பும் ஃபில்டரும். கடைசியில், ட்ராபிகல் மீன் விடப்போகிறீர்கள் என்றால் ஹீட்டர் வேண்டும் என்று ஒரு அத்தியாயம். லிட்டருக்கு ஒரு வாட், 28 டிகிரியில் தெர்மோஸ்டாட், முடிந்தது. கருமத்தம்பட்டியில் உட்கார்ந்து இதைக் கேட்கும்போது சித்திரை வெயில் ஞாபகத்துக்கு வந்து சிரிப்பு வருகிறது. ஆனால் விஷயம் அத்தனை எளிதாகத் தள்ளிவிடக்கூடியதும் இல்லை. மார்கழியில் விடியக்காலை மீன் செத்து மிதந்ததாகச் சொல்லும் ஆட்களும் இதே ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை.

அந்த ஹீட்டர் அத்தியாயம் குளிர்நாட்டில் இரண்டு வேலை செய்கிறது. அதில் ஒன்றைத்தான் நம்ம ஆட்கள் எடுத்து வந்திருக்கிறார்கள், அதையும் கணக்குப் போடாமல். அதுதான் என்னுடைய குறை.

முதலில் அந்தப் பெயர். "ட்ராபிகல் ஃபிஷ்" என்ற சொல்லை உண்டாக்கியவர்கள் வெப்பமண்டலத்தில் இருந்தவர்கள் இல்லை. "சூடு காட்டினால்தான் எங்க ஊரில் பிழைக்கும்" என்பதுதான் அதன் நடைமுறைப் பொருள். இங்கிலாந்தில் சூடுகாட்டிய குளங்களின் கதை மீனில்கூட ஆரம்பிக்கவில்லை, அல்லியில் ஆரம்பிக்கிறது. சாட்ஸ்வொர்த் பண்ணையில் ஜோசப் பாக்ஸ்டன், அமேசானிலிருந்து வந்த ராட்சத அல்லியை ஒரு கண்ணாடி வீட்டுக்குள் கொதிகலன் வைத்துச் சூடாக்கிய தொட்டியில் வளர்த்து, 1849 நவம்பரில் பூக்க வைத்தார். வெளியே குளிர், உள்ளே முப்பது டிகிரிக்குக் கிட்டத்தட்டத் தண்ணீர். அந்த மனப்படம்தான் இன்றைக்கு வரைக்கும் கையேடுகளில் ஓடுகிறது: வெளியே எதிரி, உள்ளே விருந்தாளி, நடுவில் நிலக்கரியோ மின்சாரமோ.

பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்து மீனே உதாரணம். மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கத்து ஓடைகளில் வாழும், "மிஸ் கேரளா" என்று கடைகளில் விற்கப்படும் டெனிசன் பார்ப். 1865-ல் ஃபிரான்சிஸ் டே அதை விவரித்து, அப்போதைய மதராஸ் கவர்னர் வில்லியம் டெனிசன் பெயரை வைத்தார். உலகம் முழுக்க அது ட்ராபிகல் ஃபிஷ் பட்டியலில்தான் வருகிறது. ஆனால் அது ஓடுகிற, குளிர்ந்த, காற்று நிறையக் கலந்த மலைத்தண்ணீர் மீன். பட்டியலைப் பார்த்து 28 டிகிரியில் வைத்தால் அதற்கு நல்லது செய்வதாக அர்த்தமில்லை. மறுபக்கம் கோயி கெண்டை. ஜப்பானில் நீகாடாவின் பனி விழும் மலைக்கிராமங்களில் உருவான மீன் அது. நம் ஊர்க் கடைகளில் அதையும் ஹீட்டரையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து விற்கிறார்கள்.

இடையில் ஒரு சின்னத் தகவல். இதே ஃபிரான்சிஸ் டே 1860-களில் இங்கிலாந்து ட்ரவுட் மீனை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று தோற்றவர். பிற்பாடு ஹெச். சி. வில்சன் அவலாஞ்சியில் 1907-ல் குஞ்சு பொரிப்பகம் அமைத்துத்தான் அந்த வேலை நடந்தது. வெள்ளைக்காரன் தன் மீனைக் கொண்டுவந்தபோது கோயம்புத்தூரில் தொட்டி கட்டி ஐஸ் போடவில்லை. குளிர் சும்மா கிடைக்கிற இடத்தைத் தேடி மலை ஏறினான். மீன் வளர்ப்பில் இதைவிட நல்ல பொறியியலை நான் படித்ததில்லை.

இனி கணக்கு. 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் உள்ள குளத்தை எடுத்துக்கொள்வோம். 6000 லிட்டர். இதை ஒரு டிகிரி உயர்த்த சுமார் 7 யூனிட் மின்சாரம் வேண்டும். கடையில் கிடைக்கும் 300 வாட் தொட்டி ஹீட்டரை ராத்திரி 12 மணி நேரம் ஓட்டினால் வருவது 3.6 யூனிட். அதாவது அரை டிகிரி. அதுவும் இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டால். "லிட்டருக்கு ஒரு வாட்" விதிப்படி போனால் 6 கிலோவாட் வேண்டும். மூன்று கெய்சரை விடிய விடியப் போட்டு வைப்பதற்குச் சமம். அந்த விதி வீட்டுக்குள் இருக்கும், மூடி போட்ட, 100 லிட்டர் கண்ணாடித் தொட்டிக்கானது. அதைத் திறந்த வானத்தின் கீழே கொண்டுவந்து வைத்தது யார் என்று தெரியவில்லை. ஆனால் எல்லாரும் காப்பி அடித்திருக்கிறார்கள்.

இப்போது சூடு எங்கே போகிறது என்று பார்ப்போம். கையேடுகளைப் படித்தால் குளிர்ந்த காற்று பட்டுக் குளம் குளிர்கிறது என்று தோன்றும். பெரிய திருடன் அது இல்லை, ஆவியாதல்தான். ஒரு லிட்டர் தண்ணி ஆவியாகப் போகும்போது ஏறக்குறைய 0.68 யூனிட் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. நம் குளத்தின் மேற்பரப்பு 6 சதுர மீட்டர். ஒரே ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் 6 லிட்டர், 4 யூனிட்டுக்குச் சற்று மேல். மண்பானைத் தண்ணி ஏன் சில்லென்று இருக்கிறது என்பதற்கு நாம் யாரும் புத்தகம் படிக்கவில்லை. குளமும் வாய் அகன்ற ஒரு பானைதான்.

காற்றுக்கும் ஈரத்துக்கும் இங்கேதான் வேலை. சென்னை கொளத்தூரில் வண்ணமீன் வளர்ப்பு ஒரு குடிசைத் தொழிலாகவே நடக்கிறது. வீட்டு முற்றத்திலும் மொட்டை மாடியிலும் சிமெண்ட் தொட்டி, தார்ப்பாய்த் தொட்டி. பெரும்பாலும் ஹீட்டர் கிடையாது. அங்கே வெற்றிபெற்ற முறையை அப்படியே கோவைப் பக்கம் கொண்டுவந்தால் ஏன் சில சமயம் சறுக்குகிறது? கொளத்தூரில் ஜனவரி ராத்திரி நம்மைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதல், கடல் பக்கம் என்பதால் காற்றில் ஈரமும் அதிகம். ஈரக் காற்றில் ஆவியாதல் குறையும். நாமோ பாலக்காட்டுக் கணவாயின் வாசலில் இருக்கிறோம். முப்பது கிலோமீட்டர் அகலத்தில் மலை விட்டுக்கொடுத்த சந்து அது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கிறது. மார்கழி, தையில் கிழக்கிலிருந்து திரும்பி அதே சந்து வழியாகக் கேரளாவுக்குப் போகிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலை நட்டவர்களுக்கு இது லாபம். பொடக்காளியில் அகலமான குளம் வெட்டியவருக்கு நஷ்டம். எந்தத் தமிழ் வீடியோவிலும் "உங்க ஊர்ல காத்து எந்தப் பக்கம் அடிக்குதுங்க?" என்ற கேள்வியை நான் கேட்கவில்லை. முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

சரி, ராத்திரி மொத்தம் எவ்வளவு போகும்? ஆவி, தெளிந்த வானத்தைப் பார்த்துக் கதிர்வீச்சாகப் போவது, காற்றுப் பட்டுப் போவது எல்லாம் சேர்த்து, சதுர மீட்டருக்கு நூறு வாட்டுக்கு மேல் என்று வைப்போம். 6 சதுர மீட்டர், 12 மணி நேரம், சுமார் 8 யூனிட். ஒரு மீட்டர் ஆழக் குளத்தில் இது 1.1 டிகிரி. மாலை 24 என்றால் விடியும்போது 23. கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் இதற்கெல்லாம் கவலையே படாது. ஏஞ்சலுக்கு இது கீழ் எல்லை, சமாளிக்கும். டிஸ்கஸ் மட்டும் இங்கே வேண்டாம், அது வீட்டுக்குள் இருக்கட்டும்.

அதே பரப்பில் ஆழம் மட்டும் 30 சென்டிமீட்டர் என்றால்? தண்ணி 1800 லிட்டர்தான். அதே 8 யூனிட் போனால் இறக்கம் கிட்டத்தட்ட 4 டிகிரி. பகலில் அதே அளவுக்கு ஏற்றம். வீடியோக்களில் அழகாகத் தெரிகிற, நீரூற்று வைத்த, கூழாங்கல் பரப்பிய, முழங்கால் ஆழம்கூட இல்லாத அந்தத் தட்டுக்குளங்கள்தான் மார்கழியில் மீனைக் கொல்பவை. சராசரிக் குளிர் கொல்வதில்லை, தினசரி ஊசலாட்டம் கொல்கிறது. சட்டென்று வெப்பம் இறங்கினால் மீனின் எதிர்ப்புச் சக்தி தளர்ந்து, வெள்ளைப் புள்ளி நோய் பிடித்துக்கொள்கிறது. நீரூற்று வேறு தண்ணியைத் துளித்துளியாகச் சிதறி ஆவியாதலைக் கூட்டுகிறது. ராத்திரி அதை ஓட்டுவது குளத்துக்குக் கூலிங் டவர் கட்டியது மாதிரி.

இதில் ஒரு வேடிக்கை. பிரிட்டிஷ் கையேடுகளும் இரண்டு மூன்று அடியாவது ஆழம் வேண்டும் என்றுதான் சொல்கின்றன. அவர்கள் சொல்லும் காரணம், மேலே உறைபனி பிடித்தாலும் அடியில் மீன் பிழைக்க இடம் வேண்டும் என்பது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் "நம்ம ஊர்லதான் பனி உறையாதே" என்று ஆழத்தை வெட்டிவிட்டு ஹீட்டரை வைத்துக்கொண்டார்கள். எண் சரியாக இருந்தது, காரணம்தான் வேறு. தலைகீழாகச் செய்திருக்க வேண்டும்.

சூரியன் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நம் பகுதியில் ஒரு சதுர மீட்டருக்கு நாளைக்குச் சுமார் 5 யூனிட் வெயில் விழுகிறது. 6 சதுர மீட்டருக்கு 30 யூனிட், இலவசம். ராத்திரி 8 யூனிட் இழப்பை மட்டும் மின்சாரத்தில் ஈடுகட்டினாலே இரண்டு மாதத்துக்கு 480 யூனிட். நம்ம ஊர் பில்லில் இலவசமாகக் கழிவது அதில் ஒரு பகுதிதான். ஆகவே வேலை என்பது சூடு உண்டாக்குவது இல்லை, வந்த சூட்டை ராத்திரி முழுக்கப் பிடித்துவைப்பது. அதற்கு வேண்டியது ஆழம், கிழக்கிலும் மேற்கிலும் காற்றைத் தடுக்க இடுப்புயரச் சுவரோ செடிவேலியோ, ராத்திரி ஒரு மூடி. வளைத்த பைப்பின்மேல் பாலிதீன் தாளைத் தண்ணிக்கு ஒரு அடி மேலே நிறுத்தி, ஓரத்தில் காற்றுப்போக்குக்குக் கொஞ்சம் இடைவெளி விட்டு, காலையில் சுருட்டிவிடலாம். மாட்டுச் சாளைக்கு மழைக்காலத்தில் தார்ப்பாய் இறக்குகிறோமே, அதே வேலை. பண்ணைக்குட்டைக்குப் போடும் ஷீட்டும் அதை ஒட்டுகிற ஆட்களும் நம் பக்கம் தாராளமாகக் கிடைக்கிறார்கள். தோட்டக் குளத்துக்கென்று தனியாக ஆன்லைனில் வாங்க வேண்டியதில்லை.

இதற்கு மேலும் சூடு வேண்டும் என்று அடம் பிடிப்பவருக்கு, மொட்டை மாடி சோலார் வாட்டர் ஹீட்டர் நல்ல வழி. 200 லிட்டர் ஹீட்டர் நல்ல வெயில் நாளில் தரும் வெப்பம் 9 யூனிட் அளவுக்கு வரும். நம் ராத்திரி இழப்புக்குச் சரியாக ஈடு. வெந்நீரை நேராகக் குளத்தில் விடாமல் ஒரு சுருள்குழாய் வழியாகச் சுற்றவிட வேண்டும். அந்தச் சுருள் தாமிரமாக இருக்கக் கூடாது. தாமிரம் கொஞ்சமாகக் கரைந்தாலும் மீனுக்கும் இறாலுக்கும் நத்தைக்கும் விஷம். மின்சார ஹீட்டரோ பம்போ எது வைத்தாலும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் குளத்துக்குள் வயர் போகவே கூடாது. பல வீடியோக்களில் இதற்கு ஒரு வாக்கியம்கூட இல்லை. மீன் சாவதைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுகிறார்கள், குளத்தில் கை விடும் ஆளைப் பற்றிப் பேசுவதில்லை.

சிமெண்டில் கட்டினால் புதுத் தொட்டியில் சுண்ணாம்பு கசிந்து தண்ணியின் காரத்தன்மை எகிறிவிடும். இரண்டு மூன்று வாரம் தண்ணி நிரப்பி, மாற்றி மாற்றி ஊறவிட வேண்டும். வாழைத்தண்டு வெட்டிப் போட்டும் சாணி கரைத்தும் ஊற வைப்பது நம் பக்கத்து வழக்கம். இந்த ஒரு விஷயத்தில் தமிழ் வீடியோக்கள் ஆங்கிலக் கையேடுகளைவிட மேல் என்று தாராளமாகச் சொல்லலாம். கையில் செய்து பார்த்தவர்கள் பேசுகிறார்கள் என்பது அங்கே தெரிகிறது.

கோடைக்கு வருவோம். கையேடுகளில் இந்த அத்தியாயமே இல்லை அல்லது அரைப் பக்கம். நமக்கு உண்மையான ஆபத்து பங்குனியும் சித்திரையும்தான். 20 டிகிரித் தண்ணியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் ஏழரை, 35-ல் ஏழு. சூடு ஏற ஏற மீனுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனோ கூடுகிறது. வரவு குறைந்து செலவு ஏறும் குடும்பம் மாதிரி. கூடவே அம்மோனியா. தண்ணியின் பிஹெச் 8 என்றால், 20 டிகிரியில் மொத்த அம்மோனியாவில் விஷ வடிவில் இருப்பது 4 சதவீதத்துக்கும் கீழே. 30 டிகிரியில் ஏழரை. பாசி பிடித்துப் பச்சையான தண்ணியில் மத்தியானம் பிஹெச் 9-க்குப் போனால் இந்தப் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டும். மார்கழியில் ஹீட்டர் வாங்கத் தயாராக இருக்கும் காசில் ஒரு நிழல்வலையும் ஒரு ஏர் பம்பும் வாங்கி, காலை வெயில் மட்டும் படும்படி குளத்தை நிறுத்தினால் போதும். "வெயில் நன்றாகப் படும் திறந்த இடம்" என்று கையேடு சொல்வது அவர்கள் வெயிலைப் பற்றி.

இனி ஹீட்டரின் இரண்டாவது வேலை. குளிர்நாட்டில் ஹீட்டர் ஒரு வேலியும்கூட. அங்கே அலுத்துப்போன ஆள் தன் கப்பியைப் பக்கத்து ஆற்றில் கொட்டினால் அந்தக் குளிர்காலத்துக்குள் கதை முடிந்தது. விதிவிலக்கு ஒன்று உண்டு. மில் ஊர்க்காரர்களான நமக்கு அது சுவையான கதை. லங்காஷயர் பக்கத்தில் செயின்ட் ஹெலன்ஸ் என்ற தொழில் நகரம். அங்கே கண்ணாடித் தொழிற்சாலையிலிருந்து வந்த வெந்நீர் ஊர்க் கால்வாயில் கலந்துகொண்டிருந்தது. அந்த ஊர்க்காரர்கள் அந்த இடத்துக்கு "ஹாட்டிஸ்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். யாரோ கொட்டிய கப்பியும், ஜிலேபி இனத்தைச் சேர்ந்த ஒரு மீனும் இங்கிலாந்தின் நடுவில் அந்தக் கால்வாயில் குட்டி போட்டுப் பெருகின. வெந்நீர் நின்ற பிறகு அந்தக் கூட்டம் நிலைக்கவில்லை. சுவிட்சை அணைத்ததும் வேலி திரும்ப வந்துவிட்டது.

நமக்கு அணைக்கச் சுவிட்ச் இல்லை. நம் ஊரே ஹாட்டிஸ்தான்.

ஜிலேபியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்க மீன், 1952-ல் இந்தியாவுக்குள் வந்தது. இன்றைக்கு உக்கடத்தில் தூண்டில் போடும் பையன் அதை உள்ளூர் மீன் என்றே நினைக்கிறான். கொசு ஒழிப்புக்கென்று 1908-ல் கப்பியும் 1928-ல் கம்பூசியாவும் வந்தன, போகவேயில்லை. ஆப்பிரிக்கக் கெளுத்தியை மத்திய அரசு 2000-ல் தடை செய்தது, ஆனாலும் குளங்களில் அகப்படுகிறது. இப்போதைய வரவு, கடைகளில் "டேங்க் கிளீனர்" என்று விற்கும் சக்கர் மீன். விரல் நீளத்தில் வாங்குகிறோம், ஒரு அடியைத் தாண்டி வளர்கிறது. தென் அமெரிக்க மீன். உடம்பு முழுக்கக் கவசம், வலையைக் கிழிக்கும். ஆக்சிஜன் இல்லாத சாக்கடைத் தண்ணியிலும் மேலே வந்து காற்றை விழுங்கி வயிறு வழியாகச் சுவாசிக்கும். கரையில் வளை தோண்டி முட்டை வைக்கும். தமிழ்நாடு, கேரளா, ஆந்திரா மூன்றிலும் பொது நீர்நிலைகளில் இது பதிவாகியிருக்கிறது. அமேசானிலிருந்து நீந்தி வரவில்லை. யாரோ ஒருவர் பக்கெட்டில் எடுத்துப் போய் விட்டார். பெரும்பாலும் நல்ல மனதோடு விட்டிருப்பார், கொல்ல மனசு வராமல்.

நான் பார்த்த வீடியோக்களில் சிலவற்றில் இந்த யோசனை வெளிப்படையாகவே வருகிறது: மீன் பெருத்துவிட்டாலோ குஞ்சு பெருகிவிட்டாலோ பக்கத்துக் குளத்தில் விட்டுவிடுங்கள், புண்ணியம். ஹீட்டர் அத்தியாயத்தை அப்படியே பெயர்த்தவர்கள், அது இருந்ததால் ஆங்கிலக் கையேட்டில் எழுத வேண்டிய தேவையே ஏற்படாத இந்த எச்சரிக்கையை எங்கிருந்து எடுப்பார்கள்? மூலத்தில் இல்லை. அதை நாமாக எழுதியிருக்க வேண்டும்.

இது நம் பக்கம் இன்றைக்கு இன்னும் கனமான விஷயம். 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் தொடங்கி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1045 குளம் குட்டைகளுக்குப் பவானித் தண்ணி குழாயில் வருகிறது. ரெண்டு மூணு தலைமுறை கேட்டுக் கேட்டு வந்த தண்ணி. சீமைக்கருவேலம் மண்டி, மழைக்கு மட்டும் பத்து நாள் ஈரம் பார்த்த குட்டைகளில் இனி வருஷத்தில் பெரும்பகுதி தண்ணி நிற்கலாம். வறண்ட குட்டைக்கு ஒரு கொடுமையான நன்மை இருந்தது. அதில் எதைக் கொட்டினாலும் கோடையில் தீர்ந்துவிடும். அங்கே வறட்சிதான் நம் ஹீட்டர், நம் வேலி. இப்போது அதுவும் போகிறது. பெருமழையில் குட்டை வழிந்தால் பள்ளம், பள்ளத்திலிருந்து கௌசிகா, கௌசிகாவிலிருந்து நொய்யல், நொய்யலிலிருந்து காவிரி. பொடக்காளியில் உள்ள 6000 லிட்டர் அவ்வளவு தூரம் போகும்.

ஆக, நம் ஊருக்கென்று ஒருவர் கையேடு எழுதினால் ஹீட்டர் அத்தியாயம் இருந்த இடத்தில் வேறொன்று வர வேண்டும். குளத்தின் மிகைநீர்க் குழாய் எங்கே போய் விழுகிறது? தெருச் சாக்கடையிலா, தென்னை மரத்தடியிலா? தென்னை மரத்தடி என்றால் நல்லது. குழாய் வாயில் கப்பிக் குஞ்சும் நுழையாத வலை இருக்கிறதா? குஞ்சு பெருகினால் வாங்கிக்கொள்ளும் கடை எது என்று மீன் வாங்கும் முன்னாலேயே கேட்டாச்சா? சக்கர் மீன் வேண்டவே வேண்டாம், பாசியைத் துணியால் துடையுங்கள். கொசுவுக்குக் கப்பி என்றால் அது குளத்தோடு நிற்கட்டும். உள்ளூர் மீனே வேண்டும் என்பவர்களுக்கு ஜயண்ட் டேனியோ, ஆரஞ்சு க்ரோமைடு என்று தென்னிந்திய இனங்களே வண்ணமீன் கடைகளில் வருகின்றன, கேட்டால் வரவழைத்தும் தருவார்கள். இவற்றுக்கு நம் மார்கழியும் புதிதில்லை, நம் சித்திரையும் புதிதில்லை.

குளம் கட்டும் எண்ணம் இருப்பவர்கள் ஷீட் வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யலாம். 200 லிட்டர் பிளாஸ்டிக் பேரலை அதே இடத்தில் கழுத்து வரை புதைத்து, தண்ணி நிரப்பி, மேல்மட்டத்தில் ஒன்று, அடியில் ஒன்று என்று இரண்டு வெப்ப சென்சாரைத் தொங்கவிட்டு, மார்கழியில் ஒரு மாதம், சித்திரையில் ஒரு மாதம் எழுதி வையுங்கள். எழுதியதை எனக்கும் அனுப்பினால் சந்தோஷம். முக்கியமாகக் காங்கேயம், தாராபுரம் பக்கத்து ஆட்கள். அங்கே காற்று இன்னும் வேற மாதிரிங்க.